ஊசி வீட்டில் ஒரு நாய்க்குட்டி

பேன்ட் நீளம் குறைக்க, ஜிப் மாற்ற, இடுப்பைக் கொஞ்சம் விட்டுத் தைக்க என்று யார் வந்தாலும், அவர்கள் மாடிப்படி ஏறும்போதே தையல்காரம்மாவின் குரல் இறங்கி வந்துவிடும். "மூணாவது படி கொஞ்சம் ஆடும், பாத்து வாங்க." அந்தப் படியைப் பூசிச் சரிசெய்து வருஷக்கணக்காகிறது. ஆடவே ஆடாது. ஆனால் ஒரு காலத்தில் ஆடியதே, மறுபடி ஆடாது என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்?

அவள் அப்படித்தான். மழை பெய்தால் ஒழுகுமோ என்று பயம், பெய்யாவிட்டால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயம். புருஷன் அவளுக்கு 'அலாரம்' என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. எதையும் நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பெண். நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவள் யார் பக்கம் என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது.

வாசலை ஒட்டிய அறைதான் தையல் அறை. அங்கே ஜன்னல் பக்கம் மெஷின், சுவரோரம் வெட்டும் மேஜை, மேஜை மேல் ஒரு தடித்த தக்கைக் கட்டை. கையால் தைக்கிற ஊசிகளெல்லாம் அந்தத் தக்கையில்தான் குத்தி நிற்கும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு இடம். எடுத்தால் ஓட்டை தெரியும், வைத்தால் ஓட்டை மூடும். சாயங்காலம் வேலை முடிந்ததும் தையல்காரம்மா பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி வீடு முழுக்க இழுப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய காலும் தரையில் இருக்கக் கூடாது. புருஷன் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொள்வார். மகள் கட்டிலில் ஏறிக்கொள்வாள். தையல்காரம்மா மூலை முடுக்கெல்லாம் இழுத்து, தக்கையையும் ஒரு பார்வை பார்த்து, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் கால்கள் கீழே இறங்கும். கரன்ட் போனாலும் விருந்தாளி வந்தாலும் இந்த வழக்கம் நிற்காது. ஒரு தடவை வீட்டுக்காரர் வாடகை விஷயமாகப் பேச வந்து, காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, வந்த காரியத்தையே மறந்துவிட்டுப் போனார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மகள் தவழ்கிற வயதில் ஒரு குண்டூசி அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. புருஷன் சட்டென்று பிடுங்கி எடுத்தார். ஒரு பொட்டு ரத்தம், அவ்வளவுதான். குழந்தை அன்றைக்கே மறந்தது. அம்மா மட்டும் இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவளிடம் போய் மகள் நாய்க்குட்டி கேட்டாள் என்றால் அந்தப் பெண்ணின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பிறந்தநாளுக்குக் கேட்டாள், பரீட்சை முடிந்து கேட்டாள், காய்ச்சலில் படுத்துக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அம்மாவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. கடிக்கும், முடி கொட்டும், ஊசியை முழுங்கும். பிறகு ஒரு நாள் மகள் கேட்பதை நிறுத்திவிட்டாள். தெருவில் நாய் போனால் பார்க்கிறாள், பார்த்துவிட்டுப் பேசாமல் வருகிறாள். கேட்கிற பிள்ளையைச் சமாளிக்கத் தையல்காரம்மாவுக்குத் தெரியும். கேட்காத பிள்ளையை என்ன செய்வது? ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளாகவே புருஷனிடம், "அந்த நாய்க் காப்பகம் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள். அவர் கையிலிருந்த கண்ணாடியைத் துடைப்பதையே நிறுத்திவிட்டார்.

காப்பகத்தில், தெருவில் பழுதாகி நின்ற லாரிக்கு அடியிலிருந்து எடுத்த குட்டி ஒன்று இருந்தது. ஒரு காது நிமிர்ந்து நின்றது, ஒரு காது மடிந்து கிடந்தது. உடம்பு நீளம், கால் குட்டை, வால் மட்டும் வேறு ஏதோ பெரிய நாயிடம் இரவல் வாங்கியது மாதிரி புசுபுசுவென்று இருந்தது. முதுகில் கறுப்பு, வயிற்றில் பழுப்பு, ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை.

"வெட்டு மிச்சத்துணியெல்லாம் சேத்து ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாள் தையல்காரம்மா. குறையாகத்தான் சொன்னாள். மகள் அதையே பெயராக வைத்துவிட்டாள். ஒட்டு.

குட்டியைக் கொடுப்பதற்கு முன் காப்பகத்துப் பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையிலும் முழங்கையிலும் பல நாய்களின் நகக்கீறல். தையல்காரம்மா அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள் என்பதைவிட ஆபத்துகளைச் சுற்றிக் காட்டினாள் என்பதுதான் சரி. இது கத்தரி, இது இஸ்திரிப் பெட்டி, இது பிளக், இது பால்கனிக் கம்பி. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தத் தையல் அறைக் கதவு மட்டும் சாத்தியே இருக்கட்டும். ஒரு மாசம் வெச்சுப் பாருங்க. ஒத்துவரலைன்னா எனக்கு ஒரு போன் போதும், நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள்.

அந்த ஒரு போன் என்ற வார்த்தையைத் தையல்காரம்மா பத்திரமாக மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். மற்றவர்கள் குட்டியைப் பார்த்தார்கள், அவள் வெளியே போகும் வழியைப் பார்த்தாள்.

குட்டி வந்தது. அதோடு அவளுடைய நிம்மதி போனது. தூங்குகிற குட்டியின் மூக்குக்கு நேராக விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். அது தும்மினால் நாய் டாக்டருக்குப் போன் போகும். அதிகம் தின்றால் ஒரு போன், கொஞ்சமாகத் தின்றால் ஒரு போன். அங்கே போனை எடுக்கிறவர் குரலைக் கேட்டதும், "சொல்லுங்க தையல் மேடம்" என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

தையல் அறைக் கதவைச் சாத்திவைத்தாள். ஒட்டு அந்தக் கதவுக்கு வெளியே படுத்து, அடி இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடக்கும். மெஷின் ஓடுகிறவரை சத்தமே இருக்காது. மெஷின் நின்றால் போதும், வெளியே வால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்கும். அவள் மறுபடி மிதித்தால் வால் நின்றுவிடும். சில சமயம் ஓட்டத் துணி இல்லாதபோதுகூட மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். அவளுக்கு அதைப் பிடித்துப்போயிற்று. பயம் இரண்டு மடங்கானதும் அதனால்தான்.

குட்டிக்கு விரித்துப் படுக்க ஒரு மெத்தைவிரிப்பு தைக்க ஆரம்பித்தாள். வெட்டு மிச்சத்துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, பழைய தலையணைப் பஞ்சை உள்ளே நிரப்பி, ஓரத்தைக் கையால் தைத்தாள். இது காசுக்குத் தைக்கிற துணி இல்லை என்பதால் தையல் அறையில் வைத்துத் தைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, அடுப்பில் ஏதாவது கொதிக்கிற நேரத்தில் கொஞ்சம், மகள் வீட்டுப்பாடம் எழுதுகிற நேரத்தில் கொஞ்சம் என்று தைத்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். சீருடைகள் தலைக்கு மேல் குவிந்து கிடந்தன. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விரிப்பின் கடைசி மூலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, ஒட்டு நாற்காலிக் கட்டைகளுக்கு நடுவே தலையை விட்டு மாட்டிக்கொண்டு வீல் என்று கத்தியது. போட்டது போட்டபடி ஓடினாள். தலையைத் திருப்பி மெதுவாக எடுத்துவிட்டுத் திரும்பினால், குட்டி அவளுக்கு முன்னால் ஓடிவந்து விரிப்பின் மேல் சுருண்டுகொண்டது. சரி, அதனுடையதுதானே, படுக்கட்டும் என்று விட்டாள். அதற்குள் வாசலில் ஒருவர் கோட்டு வாங்க வந்து நின்றார். கோட்டை மடித்துக் கொடுத்து அனுப்பி, அவசர அவசரமாகக் காந்தத்தை இழுத்து, "ஆச்சு" என்றாள். தக்கையைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அது முதல் தடவை.

சனிக்கிழமை காலையில் ஒட்டு சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கழுத்தை நீட்டி நீட்டி ஓங்கரித்தது, ஒன்றும் வரவில்லை.

தையல்காரம்மா நேராகத் தக்கையிடம் போனாள். ஒரு ஓட்டை காலியாக இருந்தது. நடுத்தர ஊசியின் இடம்.

"என்னங்க" என்று கூப்பிட்டாள். குரல் வந்த விதத்தைக் கேட்டுப் புருஷன் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ஓடிவந்தார்.

"ஒரு ஊசியக் காணோம்."

"துணியில இருக்கும், பாரு."

தைத்து மடித்த சீருடைகளை எல்லாம் பிரித்தார்கள். பாவாடை மடிப்பு, சட்டைக் காலர், பேன்ட் அடி மடிப்பு என்று ஒவ்வொன்றாகக் காந்தத்தால் தடவினார்கள். மெஷினுக்கு அடியில், குப்பைக் கூடையில், கோட்டு வாங்கியவருக்குப் போன் செய்து அவர் கோட்டில் என எங்கும் இல்லை. வாடிக்கையாளர் துணி அத்தனையும் ஞாபகம் வந்தது அவளுக்கு. வீட்டுக்கென்று தைத்தது ஞாபகம் வரவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது வேலையே இல்லையே.

"முழுங்கிடுச்சு" என்றாள். "நான் சொன்னேன் இல்ல? முழுங்கும்னு சொன்னேன் இல்ல?" யாரைத் திட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள். குட்டி நடுங்கியது. தையல்காரம்மா அதை விரிப்பில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். மூன்றாவது படியைப் பற்றி அன்றைக்கு யாரையும் எச்சரிக்கவில்லை.

நாய் மருத்துவமனையில் அவளைக் குரலாக மட்டும் அறிந்தவர்கள் முதல்முறை முகமாகப் பார்த்தார்கள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். குட்டி முனகியது. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மேஜையில் வைத்தால் அது துள்ளியது. விரிப்போடு வைத்தால் அடங்கியது.

"துணியோடவே எடுத்துடலாம், பயப்படாம இருக்கும்" என்றார் படம் எடுக்கிறவர். "இதுல ஊக்கு, பட்டன் ஏதாவது இருக்கா மேடம்?"

"என் கைல தைச்ச துணி" என்றாள் அவள். அந்தப் பதற்றத்திலும் கொஞ்சம் முகம் சிவந்தது. "என் துணியில ஊசி ஊக்கு எதுவும் தங்காது."

படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். சின்ன விலா எலும்புகள், அதற்குக் கீழே வயிறு, வயிற்றுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாக ஒரு ஊசி. ஊசியின் காதுகூடத் தெரிந்தது.

"அதே நடுத்தர ஊசி" என்றாள் அவள்.

"இது நகர்ந்து குடலக் குத்தறதுக்குள்ள எடுத்தாகணும்" என்றார் டாக்டர். "குட்டி ரொம்பச் சின்னது. மயக்க மருந்து தாங்குமான்னு இப்பவே சொல்ல முடியாது. ஆனா விட்டா கண்டிப்பாத் தாங்காது."

புருஷன் தலையாட்டினார். உதவியாளர் குட்டியைத் தூக்கிக்கொண்டு, விரிப்பை இவள் கையில் கொடுத்துவிட்டு, கதவுக்கு உள்ளே போனார். கதவு மூடுகிறவரை அந்த நிமிர்ந்த காது மட்டும் தெரிந்தது.

நடையில் ஒரு நீள பெஞ்சு. மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா போனை எடுத்தாள். முடிந்துவைத்த வார்த்தையை அவிழ்த்தாள்.

"அக்கா, நான்தான். ஒட்டு ஊசிய முழுங்கிடுச்சு. ஆபரேஷன் பண்றாங்க. பொழைச்சா நீங்க வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. என் வீட்டுல இருந்தா அது செத்துடும். என்னால முடியலக்கா."

மகள் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள். பழையபடி எதுவும் கேட்காத பார்வை அது. தெருவில் போகிற நாயைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வருகிற பார்வை.

புருஷன் மெதுவாக, "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"பொறுத்துப் பொறுத்துத்தான் இங்க வந்து உக்காந்திருக்கோம்."

விரிப்பில் குட்டியின் சூடு இன்னும் இருந்தது. ஈரமும் நாய் வாசனையும் பாலும் கலந்த மணம். அவள் அதை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்து, முகத்தைப் புதைத்து அழுதாள். குழந்தை கையில் குண்டூசி ஏறிய அன்றைக்கு அழுத அதே அழுகை. நான்தான், என் வேலைதான், என் வீடுதான் என்று உள்ளே ஒரே பாட்டு. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சுருக்கென்றது.

உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம். அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். விரிப்பின் கடைசி மூலை. பஞ்சுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற ஊசி முனை. இழுத்தாள். நடுத்தர ஊசி, அதன் காதில் நூல், நூலின் மறுமுனை முடிச்சுப் போடாத தையலில். நாற்காலியில் குட்டி கத்தியபோது போட்டது போட்டபடி ஓடியது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆபரேஷன் அறைக்குள் யாரும் அப்படி நுழையக் கூடாது. அவள் நுழைந்தாள். வலது கையில் ஊசி, அதிலிருந்து தொங்குகிற நூல், நூலின் நுனியில் தரையில் இழுபடுகிற விரிப்பு. "நிறுத்துங்க டாக்டர், ஊசி எங்கிட்ட இருக்கு."

ஒட்டு மேஜையில் கிடந்தது. வயிற்றில் பாதி முடியை மழித்திருந்தார்கள். மயக்க மருந்து ஊசிக்குழாயில்தான் இருந்தது, உள்ளே போகவில்லை. டாக்டர் அவள் கையையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். துணி இல்லாமல் இன்னொரு படம் எடுத்தார்கள். வயிற்றில் ஊசி இல்லை. "முதல் படத்தையே நான் துணி இல்லாம எடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றார் டாக்டர். நல்ல மனிதர்.

"அப்போ ஏன் சாப்பிடல? ஏன் எச்சில் வடிக்குது?" என்றாள் அவள். ஒரு பயம் போனால் அடுத்ததைக் கையில் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

பதிலை ஒட்டு சொன்னது. உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, டாக்டரின் வெள்ளைக் கோட்டில் வாந்தி எடுத்தது. ரோஸ் நிறத்தில், கட்டி கட்டியாக. தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸ். சீருடை அவசரத்தில் கதவைச் சாத்தாமல் விட்ட ஏதோ ஒரு நிமிஷத்தில் உள்ளே புகுந்து ஒரு முழுத் துண்டைத் தின்றிருக்கிறது.

"சாக்பீஸால சாகாது" என்றார் டாக்டர் கோட்டைத் துடைத்துக்கொண்டே. "இன்னைக்கு வயிறு காயட்டும். நாளைக்கு எல்லாம் சரியாயிடும்."

அவர்கள் குட்டியோடு நடைக்கு வந்தபோது காப்பகத்து அக்கா கூண்டோடு நின்றிருந்தாள். நேராக வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், செருப்பெல்லாம் சேறு. மூன்று பேர் முகத்திலும் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குழப்பம். புருஷன் நடந்ததைச் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, யாரையும் குறை சொல்லாமல், "சரி, நல்லதாப் போச்சு. இப்ப என்ன செய்யலாம்? நீங்க போன்ல சொன்னதால வந்தேன்" என்றாள்.

பதில் சொல்ல வேண்டியவள் வாய் திறக்கவில்லை. ஊசி வயிற்றில் இல்லை, சரி. ஆனால் இருந்திருக்கலாமே. தக்கையைப் பார்க்க மறந்தது உண்மை, கதவைச் சாத்த மறந்தது உண்மை. சாக்பீஸுக்குப் பதில் குண்டூசியாக இருந்திருந்தால்? இன்றைக்குத் தப்பித்தது, நாளைக்கு?

மகள் அம்மாவின் மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தோளில் தொங்கிய விரிப்பை எடுத்து, கூண்டுக்குள் விரித்தாள். "இது இல்லாம தூங்காதுக்கா" என்று மட்டும் அக்காவிடம் சொன்னாள். தன் விரிப்பு போகிற இடத்துக்குப் பின்னாலேயே ஒட்டு தள்ளாடிக்கொண்டு போய், கூண்டுக்குள் ஏறி, சுருண்டு படுத்துக்கொண்டது. புசுபுசு வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டது.

அக்கா கூண்டின் கதவில் கையை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் தையல்காரம்மா.

முழங்காலிட்டு உட்கார்ந்து, கூண்டுக்குள் கையை விட்டு, விரிப்பின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். முதல் மூலை, இரண்டாவது மூலை. தையல் ஒவ்வொன்றையும் விரல் நுனியால் அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். நூலை அறுத்து எடுத்த ஊசி அவள் ரவிக்கைத் தோளில் பத்திரமாகக் குத்தியிருந்தது, அது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் தடவிக்கொண்டே இருந்தாள். கை குட்டியின் வயிற்றில் மழித்த இடத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றது. ஒட்டு கண்ணைத் திறக்காமலே வாலால் கூண்டின் தரையை அடித்தது. மெஷின் நின்றால் அடிக்குமே, அதே அடி.

"இதக் குடுக்க முடியாதுக்கா" என்றாள்.

"விரிப்பையா?"

"இன்னும் முடிச்சுப் போடல. கடைசி மூலை பிரிஞ்சு கிடக்கு. அரைகுறையா எந்தத் துணியையும் நான் யாருக்கும் குடுத்தது இல்ல."

"அதுக்கென்ன, முடிச்சிட்டு அனுப்புங்க" என்றாள் அக்கா. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள்.

"எங்க முடியும்? இது வளந்துட்டே இருக்குமே. அதுக்குத் தகுந்த மாதிரி நானும் ஓரம் சேத்துட்டே இருக்கணும்." கை இன்னும் குட்டியின் வயிற்றிலேயே இருந்தது. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. நாளைக்கும் பயமா இருக்கும். நீங்க போங்கக்கா, நான் வெச்சுக்கறேன்."

புருஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், தேவைக்கு அதிகமான நேரம். மகள் கூண்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, குட்டியை விரிப்போடு வெளியே எடுத்தாள். அக்கா காலிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். காலிக் கூண்டோடு திரும்புவதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் அவள் நடையிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா முதலில் விரிப்பின் மூலையைத் தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியைத் தக்கையில் அதன் இடத்தில் குத்தினாள். தையல் அறைக் கதவில் புருஷன் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தார். அதை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு காந்தத்தை எடுத்தாள்.

புருஷன் நாற்காலியில் சம்மணம் போட்டார். மகள் கட்டிலில் ஏறினாள். மடியில் ஒட்டு. தையல்காரம்மா கூடம், சமையலறை, கட்டிலுக்கு அடி எல்லாம் இழுத்தாள். விரிப்பின் மேல் இழுத்தாள். கட்டில் பக்கம் வந்து, ஒரு நொடி யோசித்துவிட்டு, குட்டியின் வயிற்றுக்கு மேலும் ஒரு தடவை காந்தத்தைக் கொண்டுபோனாள். மகள் அம்மாவைப் பார்த்து முறைத்தாள். குட்டி காந்தத்தை நக்கியது. அவள் போய்த் தக்கையைப் பார்த்தாள், ஓட்டை எதுவும் இல்லை. இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"ஆச்சு."

யாருடைய காலும் இறங்குவதற்கு முன்னால் ஒட்டு மடியிலிருந்து கீழே குதித்தது.

"மெதுவா, மெதுவா" என்று தையல்காரம்மா ஓடினாள். "காலு சுளுக்கிக்கப் போவுது."